மூன்றாவது துளை

அத்தியாயம் 14

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக நாலு வரி. மூத்தவள் மின்சாமான் கடையில் கவுன்டரில் நிற்கிறவள். அவள் தம்பி சின்னவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அப்பா வயர்மேனாக இருந்து ஓய்ந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், இரண்டு வருடமாக ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு வாழ்கிறார். போன செவ்வாய்க்கிழமை விழுந்த இடியில் அந்த மெஷின் கருகிப் போனது. அன்றிலிருந்து மருத்துவமனை கொடுத்த சிலிண்டரில் பொழுது ஓடுகிறது.

மருத்துவமனைக்காரர்கள் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "இன்னொரு மெஷின் இருக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்க ஆள் கொண்டு வருவார். வீட்டுல எர்த் சரியா இருக்கணும், இடி அடியைத் தாங்கற நல்ல சர்ஜ் புரொடெக்டர் இருக்கணும். இருந்தா வெச்சுட்டு வருவார். இல்லன்னா மெஷின் அடுத்த ஆளுக்குப் போயிடும். பெரியவரை வார்டுல சேர்த்துடுங்க."

வார்டு என்றால், மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா போன இடம். "நான் அங்க போக மாட்டேன்" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததுதான் மூத்தவளைத் தூங்கவிடவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

கடையில் காலையிலேயே ஒரு ஆள், புது டிவி வாங்கிய களிப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு ஓட்டை இருக்கற மாதிரி ஒரு ஸ்பைக் பஸ்டர் குடுங்க."

"எதெல்லாம் மாட்டப் போறீங்க?"

"டிவி, வைஃபை, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ்."

"ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இதுல வேண்டாம் சார். அதெல்லாம் நேரா சுவத்துல மாட்டணும். இதுல போட்டா ஒயர் சூடேறி உருகிடும்."

வயரோடு நீளமாக ஒரு பெட்டி இருந்தால் போதும், ஊரில் எல்லோரும் அதை ஸ்பைக் பஸ்டர் என்றுதான் கேட்பார்கள். பத்துப் பெட்டியில் ஒன்பது வெறும் பலகை. ஒரு ஓட்டைக்குப் பதில் ஆறு ஓட்டை தரும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். இடி வந்தால் ஆறு சாமானையும் சேர்த்தே கருக்கும். மூத்தவள் பதினைந்து வருடமாக இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனவள்.

"பெட்டியைத் திருப்பிப் பாருங்க சார். எவ்வளவு அடி தாங்கும்னு ஜூல்ல ஒரு எண் போட்டிருக்கா?"

"இல்லையே."

"அப்ப இது காவல் இல்ல. பலகை."

"லைட் எரியுதே."

"அது கரண்ட் வருதுன்னு சொல்ற லைட்டு. காவல் உயிரோட இருக்குன்னு சொல்ற லைட்டு வேற. அதோ, அந்த மேல் தட்டுல இருக்கறதுல இருக்கு. காவல்கூட காலத்துக்கும் வராது சார். ஒவ்வொரு அடியையும் வாங்கி வாங்கி ஒரு நாள் செத்துடும். அந்த லைட் அணைஞ்சா மாத்திடணும்."

அவர் மேல் தட்டைப் பார்த்தார், கீழ்த் தட்டைப் பார்த்தார். கையிலிருந்ததையே கவுன்டரில் வைத்தார்.

"ஆறு ஓட்டை இருக்குல்ல, போதும்மா."

மனிதர்கள் ஓட்டையைத்தான் எண்ணுவார்கள். மூத்தவள் பில் போட்டுக் கொடுத்தாள்.

அவர் போனதும் ஏணியைப் போட்டு மேல் தட்டில் ஏறினாள். அப்பாவுக்கு எது என்று தேர்ந்தெடுக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. வந்தவர் போனவருக்கெல்லாம் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறவள், இன்று ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தாள். நல்ல சாமானிலேயே இரண்டு ஜாதி உண்டு. காவல் செத்ததும் கரண்ட்டையே நிறுத்திவிடுவது ஒன்று. டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் அதைத்தான் சொல்வாள். ஆனால் அப்பா தூங்கும்போது அது கரண்ட்டை நிறுத்தினால், கூடவே மூச்சையும் அல்லவா நிறுத்திவிடும். காவல் செத்தால் கீ கீ என்று கத்தி, கரண்ட்டை மட்டும் விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஜாதியை எடுத்தாள். தடித்த வயர். காவலுக்கு ஒரு பச்சை விளக்கு, எர்த் இருக்கிறதா என்று சொல்ல இன்னொரு பச்சை விளக்கு.

முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்பாவுக்கா?"

"ஆமா சார்."

"கிளம்பும்மா. மதியம் நான் பாத்துக்கறேன்."

வீட்டு முன்னறையில் இரும்புக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி அப்பா சாய்ந்திருந்தார். பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். சாமானின் தரத்தை அவர் கனத்தை வைத்தே சொல்வார்.

"கனமா இருக்கு. உன் கடையில இப்படி ஒண்ணு இருக்கா?"

"மேல் தட்டுல இருக்கு. யாரும் அவ்வளவா வாங்கறதில்ல."

"உனக்குப் பேசத் தெரியல. சிரிச்சு வித்தா வாங்குவான்."

"சிரிச்சா அவங்க கீழ்த் தட்டுலேருந்து ரெண்டா எடுத்துட்டுப் போறாங்க அப்பா."

அவர் சிரிக்க முயன்று இருமினார். இருமல் அடங்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கட்டிலோரத்துச் சுவர் பிளக்கில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

காவல் விளக்கு எரிந்தது. எர்த் விளக்கு எரியவில்லை.

பிளக் சரியாக உட்காரவில்லையோ என்று அழுத்தினாள். கழற்றி மாட்டினாள். சமையலறைக்குக் கொண்டுபோய் அங்கே மாட்டினாள். பின்னறையில் மாட்டினாள். குளியலறைக்கு வெளியே இருந்த பிளக்கில் மாட்டினாள். எங்கேயும் ஒரே பதில்தான். பெட்டியையும் வயரையும் இழுத்துக்கொண்டு அவள் வீடு முழுக்க அலைந்து திரும்பியபோது, அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

மெயினை அணைத்துவிட்டு, கட்டிலோரத்து பிளக்கின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு வயர்தான் இருந்தது. மூன்றாவது துளையின் பின்னால் இருந்த பித்தளை, முப்பது வருடமாக யாரும் தொடாமல் புதிதாக மின்னியது.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"அப்பா, எர்த் வயரே இல்ல."

"இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே போட்டேன். எனக்குத் தெரியாம எப்படி."

சின்ன வயதில் அவளும் சின்னவனும் கேட்டிருக்கிறார்கள். ரெண்டு ஓட்டை போதாதா, மூணாவது எதுக்கு? சுவர் மூச்சு விடறதுக்கு என்பார் அப்பா. விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடையில் சேர்ந்து எர்த் என்றால் கசிகிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும் வயர் என்று கற்றுக்கொண்டபோது, அப்பா என்னமாய் விளையாட்டுக் காட்டியிருக்கிறார் என்று தனக்குள் இன்னொரு தடவை சிரித்தாள். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.

"அன்னிக்குக் கையில இருந்த வயர் ரெண்டுக்குத்தான் போதும்" என்றார் அப்பா, சுவரிடம். "விளக்கு எரியணும், ஃபேன் சுத்தணும். உங்கம்மாவுக்கு உன்னைப் பெத்துப் பதினோரு நாள். எர்த்தை அப்புறம் இழுத்துக்கலாம்னு மூடியைப் போட்டேன். எல்லாம் எரிஞ்சுது. எரியறதை எவன் திரும்பத் திறப்பான்."

"இந்தத் தெருவுல நீங்க போட்ட மத்த வீடு?"

"கேக்காத."

அவள் கேட்கவில்லை. எதிர் வீடு, பக்கத்து வீடு, முனை வீடு என்று மனசு தானாகவே எண்ணியது. அத்தனை பேரும் அவள் கையால் வாங்கியவர்கள். நம்ம வயர்மேன் பொண்ணு, சரியாத்தான் தருவா என்று சிலர் மேல் தட்டுச் சாமானையே வாங்கியிருந்தார்கள். விளக்கு ஒன்று எரியலியே என்று எதிர் வீட்டு டீச்சர் ஒருமுறை கேட்டதுகூட நினைவுக்கு வந்தது. பிளக்கைக் கொஞ்சம் அழுத்தி மாட்டுங்க என்று அன்று பதில் சொல்லி அனுப்பியவள் இவள்தான். வெட்கத்தில் காது சுட்டது. அப்பா மேல் கோபம் வந்தது. மூச்சுக்கு ஏறி இறங்கும் அந்த முதுகைப் பார்த்ததும், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தெரிந்த வயர்மேனுக்குப் போன் போட்டாள்.

"எர்த்னா சும்மாவா அக்கா? பின்னாடி குழி தோண்டணும், ராடு இறக்கணும், அங்கேருந்து கட்டில் வரைக்கும் தனி வயர் இழுக்கணும். நான் வெளியூர்ல இருக்கேன். திங்கக்கிழமை காலையில வந்து நிக்கறேன்."

மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கிழமையெல்லாம் முடியாதும்மா. பட்டியல்ல இன்னும் ஏழு பேர் இருக்காங்க."

இரண்டு மணிக்கு, காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில், சின்னவன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான். அந்த வீட்டில் குரலைத் தாழ்த்துவது வீண். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைதான் உண்டு.

"ஒரு துண்டு வயர் போட்டா பச்சை எரியும்னு நீதானே ஒரு தடவை சொன்னே?"

"திட்டறதுக்காகச் சொன்னேன்டா. ஏமாத்தறவன் எப்படி ஏமாத்துவான்னு சொன்னேன்."

"ஏமாத்து. ஒரு நாளைக்கு."

"பிளக்குக்குள்ளயே, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயரையும் மூணாவது துளையையும் சேர்த்து முடிச்சுப் போடறது அது. டெஸ்ட் பண்றவன் மெஷினுக்கு எர்த் இருக்கற மாதிரியே தெரியும். ஆனா வெளியில எங்கயாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னு வை, அவ்வளவு கரண்ட்டும் மெஷின் உடம்புல வந்து நிக்கும். அவர் படுத்திருக்கறது இரும்புக் கட்டில். இந்த வேலையைப் பண்ணினதுக்காகக் கூட வேலை பாத்தவனை அப்பா கன்னத்துல அறைஞ்சிருக்கார். உனக்குத் தெரியாது."

"நியூட்ரல் என்ன தினமுமா அறுந்துட்டிருக்கு?"

"இடி என்ன தினமுமா விழுது?"

சின்னவன் தலையைச் சொறிந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "வார்டுக்குப் போனா அவர் திரும்பி வர மாட்டாருக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"என் கையால நான் அதைச் செய்ய மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்து, பிளக்கின் மூடியை முன்போலவே திருகி மூடி, மெயினைப் போட்டாள்.

கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. திங்கட்கிழமைவரை தாங்க இன்னும் இரண்டு சிலிண்டர் கிடைத்தால், அதற்குள் உண்மையான எர்த்தையே போட்டுவிடலாம். நேரில் போய்க் காலில் விழுந்தாவது கேட்பது என்று அக்காவும் தம்பியும் வேனில் கிளம்பினார்கள்.

"தனியா இருப்பீங்களா?"

"நான் என்ன, எழுந்து ஓடவா போறேன்" என்றார் அப்பா.

மருத்துவமனையில் காலில் விழ ஆளே கிடைக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுக்கொண்டே, சிலிண்டர் எல்லாம் இன்றோடு திரும்பி வரவேண்டும் என்று எழுதியிருந்த தாளைக் காட்டினாள். அது இவர்கள் வீட்டுச் சிலிண்டருக்கும் சேர்த்து எழுதியதுதான். சின்னவன் அக்காவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பிள்ளைகளை ஏற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

மூன்றே முக்கால். மூத்தவள் அப்பாவின் பையை எடுத்து, இரண்டு சட்டை, கண்ணாடி, பல் செட் வைக்கும் டப்பா என்று ஒவ்வொன்றாக வைத்தாள். மெஷின்காரர் வந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, பிறகு வார்டுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டிய மனசு கல்லாகவும் இல்லை, லேசாகவும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் கிடந்தது.

அப்பாவுக்கு வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. பனியன் நனைந்திருந்தது. சிலிண்டரின் திருகு முழுவதும் திறந்திருந்தது, அளவு காட்டும் முள் சிவப்பில் கிடந்தது. நாம் கிளம்பிப் போனதும் பயந்துவிட்டார், பாவம், என்று நினைத்துத் திருகைக் கொஞ்சம் குறைத்தாள்.

நாலு அடித்து ஐந்து நிமிடத்தில் மெஷின்காரர் வந்தார். வேலையைச் சுத்தமாகச் செய்கிற மனிதர். செருப்பை வெளியே விட்டார், பெரியவருக்கு வணக்கம் சொன்னார், மெஷினைத் தூக்கித் துணி விரித்து அதன் மேல் வைத்தார். பையிலிருந்து மூன்று விளக்கு உள்ள சோதனைப் பிளக்கை எடுத்தார்.

"சார், முதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் மூத்தவள்.

"ஒரு நிமிஷம்மா, பாத்துடறேன்." குனிந்து மாட்டினார். "எர்த் ஓகே."

மூத்தவள் பேச்சை நிறுத்தினாள்.

அவர் சர்ஜ் புரொடெக்டரை மாட்டினார். காவல் விளக்கு எரிந்தது. எர்த் விளக்கும் எரிந்தது.

அவள் சுவரைப் பார்த்தாள். பிளக் மூடியில் இரண்டு திருகாணி. அவள் திருகியபோது அவற்றின் தலைக் கீறல்கள் ஆளுக்கொரு பக்கமாகத்தான் நின்றன. இப்போது இரண்டின் கீறலும் நேராக, மேலிருந்து கீழாக நின்றன. வேலை முடித்த இடத்தில் திருகாணியை அப்படி நிறுத்திவிட்டு வருவது ஒரே ஒருவருடைய வழக்கம். அந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே" என்றார் மெஷின்காரர்.

அப்பா கண்ணைத் திறந்தார். கெஞ்சவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. சுவரோரம் தயாராக நின்ற அந்தப் பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"டீ போடட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றாள் மூத்தவள்.

"வேண்டாம்மா, இன்னும் ரெண்டு வீடு இருக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாளில் மூன்றாவது வரி: வீட்டு எர்த்திங் சரியாக உள்ளது என்று உறுதி அளிக்கிறேன். பதினைந்து வருடமாகக் கவுன்டரில் ஒரு பொய் சொல்லாதவள், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.  

"நல்ல வயரிங்" என்றார் மெஷின்காரர், தாளை மடித்துக்கொண்டே. "இவ்வளவு பழைய வீட்டுல எர்த் இருக்கறதே அபூர்வம். யாரு பண்ணினது?"

"எங்கப்பா."

"பரவாயில்லையே பெரியவரே" என்று சிரித்தார். போகிற போக்கில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்.

மெஷின் உறுமி, ஒரு நிலைக்கு வந்தது. ஐந்தரைக்குச் சின்னவன் வந்தான். வாசலிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

"குடுத்துட்டானா? எப்படிக்கா? கெஞ்சினியா?"

"ம்."

"நான்தான் சொன்னேனே, மனுஷங்கதானே அவங்களும்." அப்பாவின் காலைப் பிடித்து ஆட்டினான். அந்தப் பையை எடுத்து, சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தான். அன்று அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தது அவன் ஒருவன்தான். அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேனைக் கழுவ அவன் வெளியே போனான்.

அப்பா உள்ளே போட்ட அந்தத் துண்டு வயரைக் கழற்ற மெயினை அணைக்க வேண்டும். மெயினை அணைத்தால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் மாற்றி மாட்ட சிலிண்டர் இல்லை, அது வண்டியேறிப் போய்விட்டது. திங்கட்கிழமை வயர்மேன் வந்தாலும் இதே கணக்குத்தான். மூத்தவள் இதை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

அப்பாவின் நெற்றியில் இன்னும் வேர்வை இருந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தாள். முகத்தைத் துடைத்துவிட்டு, மூக்குக்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க மெஷின் பக்கம் கையை நீட்டினாள்.

"ஈரக் கையோட மெஷினைத் தொடாதம்மா" என்றார் அப்பா.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அப்ப இந்த இரும்புக் கட்டில்ல நீங்க?"

அப்பா, கட்டிலின் இரும்புச் சட்டத்தின் மேல் கிடந்த கையை மெதுவாக எடுத்து, போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.